அச்சேறும் முன்

பல்கலைக்கழகம் விடுமுறைக்காக மூடப்பட்டிருந்த காலத்தில் மாத்தளை நகரத்து அச்சகம் ஒன்றிலே மூன்று மாதங்கள் வேலை செய்தேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவளுக்கு அச்சகத்தில் என்ன வேலை என்று தோழியர் சிலர் வினவினர். பிழை திருத்தும் வேலையாக இருக்கும் என்று அவர்களே விடையும் கூறிக்கொண்டனர். அது முழுவதும் சரியன்று; முழுவதும் பிழையுமன்று. நான் திருத்தியவை கோப்புகள். அச்சிடுவதற்கென மக்கள் கொண்டுவரும் கணினிக் கோப்புகளை, இயந்திரம் ஏற்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்பதே எனக்கு இடப்பட்ட பணி. அந்தப் பணியில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இக்கட்டுரை.

அச்சகம் என்றவுடன் ஈய எழுத்துகளையும் மைக்கறை படிந்த கைகளையும் நினைவுகொள்வோர் நம்மிடையே இன்னும் உளர். நான் வேலை செய்த இடத்தில் அவற்றின் எச்சமாக இருந்தது பின்னறையில் கிடந்த ஒரு மரப்பெட்டி மாத்திரமே. சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட அந்த எழுத்துப் பெட்டியில் இப்போது ஆணிகளும் றப்பர் வளையங்களும் வெற்று டோனர்க் குப்பிகளும் கிடக்கின்றன. முதலாளி தம் இளமையில் அச்சுக் கோத்தவர். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாகவும் இடவலம் மாறியும் வரிசைப்படுத்திய காலத்தை அவர் ஏக்கத்துடன் பேசுவதில்லை. “முதுகு போச்சு, கண்ணு போச்சு, அவ்வளவுதான் மிச்சம்” என்பார்.

இப்போதுள்ளது டிஜிட்டல் அச்சு. இம்முறையில் தகடு செய்வதில்லை. கோப்பு நேரே இயந்திரத்துக்குச் செல்கிறது. மின்னூட்டம் பெற்ற உருளையிலே டோனர்த் தூள் ஒட்டித் தாளுக்கு மாறி, வெப்பத்தால் உருகிப் படிகிறது. ஒப்செற் முறையில் இருநூறு பிரதிகள் அடித்தாலும் இரண்டாயிரம் அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆகையால் சிறு தொகை அச்சிடுவோர்க்கு அது கட்டுப்படியாகாது. டிஜிட்டல் முறை வந்தபின் ஐம்பது பிரதி வேண்டுவோரும் அச்சகத்தின் வாசற்படி ஏறலாயினர். கோயில் திருவிழாச் சிறப்பிதழ், கருமாதி நாளில் வழங்கும் நினைவு மலர், தோட்டத்துப் பாலர் பாடசாலையின் ஆண்டு மலர் முதலியன எல்லாம் இவ்வாறு அச்சேறுகின்றன. முன்பு நோட்டீசுக்கு அப்பால் அச்சைக் காணாத மக்கள் இப்போது புத்தகம் போடுகிறார்கள். இஃது எளிய மாற்றமன்று.

ஆனால் அவர்கள் கொண்டுவரும் கோப்புகளின் கோலமோ சொல்லுந்தரமன்று. படங்கள் வாட்சப்பில் வந்து நைந்தவையாயிருக்கும். பக்க அளவு ஏ4 ஆக இருக்கும், புத்தகமோ ஏ5. தாளின் ஓரம்வரை வண்ணம் வேண்டுமென்பார்கள். வெட்டும் கத்தி மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீற்றர் மிகையாக வண்ணம் விட்டிருக்க வேண்டும் என்பதை அறியார்கள். இந்த மிகையைத் தொழிலில் ‘பிளீட்’ என்பர். நடுவில் தைக்கும் புத்தகமாயின் பக்கங்களின் தொகை நான்கால் வகுபட வேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினால் ஒரு நாளைக்கு இரண்டு வேலைகூட முடியாது.

இதற்கெனவே தானியங்கித் திருத்த முறைகள் வந்துள்ளன. அடோபி நிறுவனம் 1993 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய பீ.டி.எப். என்னும் கோப்பு வடிவமே இன்று அச்சுலகின் பொதுமொழி. அச்சுக்கு உரிய பீ.டி.எப். எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்கான சர்வதேசத் தரங்கள் 2001 ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயின. கோப்பு அத்தரத்துக்கு அமைந்துள்ளதா என்று சோதிக்கும் செயலுக்குப் ‘பிரீபிளைட்’ என்று பெயர். விமானி பறக்குமுன் தன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பானே, அந்த வழக்கிலிருந்து பெற்ற பெயர் அது. சோதிப்பதோடு நில்லாமல், கண்ட குறையைத் தானே திருத்தும் கட்டளைகளும் மென்பொருளில் உள்ளன. அவற்றைச் சங்கிலியாகக் கோத்து வைத்துவிட்டால், ஒரு சொடுக்கில் நாற்பது பக்கமும் சில விநாடிகளில் சீராகிவிடும்.

அவை செய்யும் திருத்தங்களுள் ஒன்றைச் சற்று விரித்துக் கூறலாம். கணினித் திரை செம்மை, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறங்களை ஆக்குகிறது. அச்சோ சயன், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் ஆக்குகிறது. திரையிற் கறுப்பாகத் தோன்றும் எழுத்து அச்சுக்கு மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறிவிடுவதுண்டு. அப்போது எழுத்தின் விளிம்பில் வண்ண நிழல் கசியும். அதைவிடக் கொடுமை, வெறும் கறுப்பெழுத்துப் பக்கத்தை இயந்திரம் வண்ணப் பக்கமாகக் கணக்கிட்டு வண்ணத்துக்குரிய கட்டணத்தை ஏற்றிவிடும். நான்கு நிறக் கறுப்பைத் தனிக்கறுப்பாக மாற்றும் கட்டளை ஒன்றே எத்தனையோ ஏழை வாடிக்கையாளரின் பணத்தைக் காத்திருக்கிறது. இவ்வாறே பிளீட் இல்லாத பக்கத்துக்கு ஓரத்துப் படத்தைக் கண்ணாடி போலப் பிரதிபலித்து மிகை உண்டாக்கும் கட்டளையும் உண்டு. அது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். ஒருமுறை தேர்த்திருவிழாப் படம் ஒன்றில் ஓரத்தில் நின்ற அடியார் ஒருவருக்கு அது நான்கு கைகளைக் கொடுத்துவிட்டது. வெட்டியபின் இரண்டரைக் கை எஞ்சியது.

இவற்றிலெல்லாம் நான் விரைவில் தேர்ச்சி பெற்றேன். தேர்ச்சி என்பதைவிடச் செருக்கு என்பதே பொருந்தும். பதினான்கு கட்டளைகளைக் கோத்து ஒரு சங்கிலி அமைத்தேன். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று, நாங்கள் மூன்று நாட்கள் படி திருத்திய வேலையை இது முகம் கழுவும் நேரத்துக்குள் முடிக்கிறதே என்று வியந்தார். இயந்திரத்தை இயக்கும் சிங்கள இளைஞர் மாத்திரம் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆயினும் ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து, “நங்கி, இந்தப் புள்ளி வட்டம் ஒங்கட எழுத்தா?” என்று கேட்டார். கொம்போ காலோ தனக்குரிய மெய்யைப் பிரிந்து தனித்து நிற்கும்போது கணினி அதன் அருகில் ஒரு புள்ளி வட்டத்தை வரையும். நானும் பார்த்தேன், மென்பொருளும் பார்த்தது, இருவரும் விட்டுவிட்டோம். தமிழ் அறியாதவரின் கண்ணுக்கு அது பட்டது.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. இலங்கையில் தட்டெழுதுவோர் பலர் இன்றும் பாமினி எழுத்துருவைக் கைவிடவில்லை. தமிழுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 1991 ஆம் ஆண்டிலாயினும், பழகிய விரல்கள் பழையதையே நாடுகின்றன. பாமினியில் நாம் காண்பது தமிழ். கணினி சேமித்து வைத்திருப்பதோ ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்னும் சொல் கணினியினுள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. எழுத்துரு கோப்பினுள் பொதியப்படாது வந்தால் முழுப் புத்தகமும் பொருளற்ற ஆங்கிலமாக அச்சாகும். எனவே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

மாற்றும்போதுதான் பழைய வினைகள் வெளிப்படும். ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது தட்டச்சு மென்பொருள் அறிந்த இலக்கணம். பாமினியில் தட்டும் ஒருவர் வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கியதும், அது தன் கடமையைச் செய்து முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடும். பாமினியில் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘க’ என்றால் பேரெழுத்து ‘கு’. ‘ப’ என்றால் ‘பு’. ‘த’ என்றால் ‘து’. ஆகவே வாக்கியத்தின் தலைப்பில் நிற்கும் கலை குலையாகும், பகை புகையாகும், கடை குடையாகும். ‘மலை’ என்று தொடங்கும் வாக்கியங்கள் என்னவாயின என்பதை இம்மலரில் எழுத நாணுகிறேன். மலையகத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றில் எத்தனை வாக்கியங்கள் அச்சொல்லால் தொடங்கும் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம்.

அத்தகைய ஒரு புத்தகமே என்னிடம் வந்தது. அது எங்கள் தோட்டத்துப் புத்தகம்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர் என்பது யாவரும் அறிந்த வரலாறு. வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவெய்தியது. அதில் நடந்து திரும்பிய எங்கள் தோட்டத்து இளைஞர் சிலருக்கு ஓர் எண்ணம் உதித்தது. தோட்டத்தில் பிறந்து உழைத்து இறந்தவர்களின் பெயர்களையாவது ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதே அது. இரத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் உள்ள எங்கள் தோட்டத்தின் புதைகுழிகளுக்குக் கல் கிடையாது. மழை இரண்டு பெய்தால் மேடும் கிடையாது. லயம் லயமாகச் சென்று முதியோரிடம் கேட்டு, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயர்களை எழுதினர். அயல் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அவற்றைத் தட்டெழுதிக் கொடுத்தார். நாற்பத்தெட்டுப் பக்கம், இறுதிப் பன்னிரண்டு பக்கங்களில் 312 பெயர்கள். இருநூறு பிரதிகள் வேண்டும் என்றனர். நம் பிள்ளை அச்சகத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு கோப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒருங்குறிக்கு மாற்றினேன். ‘கடல் கடந்து வந்த எம் முன்னோர்’ என்ற முதல் வாக்கியம் ‘குடல் கடந்து’ என்று தொடங்கியது. இவற்றைத் தானியங்கியால் திருத்த வழியில்லை. குடலும் ஒரு சொல்தானே? அகராதியில் உள்ள சொல்லை மென்பொருள் ஐயுறுவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையையும் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். மாறாக, பெயர்ப் பட்டியலிலே காத்தாயி, செவனம்மா, மூக்கன், வெள்ளைச்சி என ஏறக்குறைய எல்லாப் பெயர்களின் கீழும் எழுத்துப்பிழைச் சோதனை சிவப்புக் கோடு இட்டிருந்தது. அந்தக் கோடுகளை நான் பொருட்படுத்தவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

எஞ்சியது காற்புள்ளி. பாமினி வழக்கில், ஆங்கில விசைப்பலகையின் காற்புள்ளிக்கு உரிய இடத்தில் ‘இ’ இருக்கிறது. தமிழில் காற்புள்ளி இட வேறு விசையை அழுத்த வேண்டும். பெயர்களைத் தட்டியவர் காற்புள்ளிகளை ஆங்கில எழுத்துருவில் இட்டிருந்தார் போலும். முழுவதையும் சேர்த்து மாற்றியபோது அவை யாவும் ‘இ’ ஆகிவிட்டன. ‘காத்தாயிஇ மூக்கன்இ’ என்றவாறு பட்டியல் முழுவதும் இகரத் தோரணம். இலங்கைத் தமிழ்ச் செய்திகளைக் கணினியில் வாசிப்போர்க்கு இந்தக் காட்சி புதிதன்று. இதற்கு ஒரு விதி எழுதினேன்: ‘இ’ என்னும் எழுத்தை அடுத்து வெற்றிடம் வருமாயின் அவ்வெழுத்தைக் காற்புள்ளியாக மாற்றுக. ஒரு சொடுக்கு, முந்நூறுக்கு மேற்பட்ட இகரங்கள் மறைந்தன. அங்குமிங்கும் காற்புள்ளிகள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. தட்டெழுதியவரின் கைப்பிழை என்று எண்ணினேன். இரட்டைக் காற்புள்ளியை ஒற்றையாக்கும் விதி முன்னமே என் சங்கிலியில் இருந்தது. அதையும் ஓட்டினேன். பட்டியல் பளிங்குபோல் ஆயிற்று. பிரீபிளைட் அறிக்கையில் பச்சைக் குறி விழுந்தது. குறை எதுவும் இல்லை என்றது.

மாதிரிப் படி ஒன்றை அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுசென்றேன். என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு வைப்பவர். புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “படி” என்றார். முன்னுரையைத் தொடங்கினேன். “அதெல்லாம் வேணாம். பேரப் படி” என்றார். நான் பெயர்களை வாசிக்க, அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில பெயர்களுக்குத் தலையசைத்தார். சில பெயர்களுக்கு, “அவ நல்லாப் பாடுவா”, “அவன் பாம்பு தீண்டிச் செத்தான்” என்று ஒரு வரி சொன்னார். எட்டாம் பக்கத்தில் கண்ணைத் திறந்தார்.

“இப்ப என்ன படிச்ச?”

திரும்ப வாசித்தேன்.

“ஏன்டி, உங்க தாத்தா பேர மட்டும் மொட்டையா படிக்கிற? அவுக அப்பா எழுத்து எங்க?”

என் தாத்தாவின் பெயரை அப்பாயி ஒருநாளும் வாயால் உச்சரித்ததில்லை. அது அவர் தலைமுறைப் பெண்களின் வழக்கம். அவர் சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அன்று முழுவதும், தாம் சொல்லாத அந்தப் பெயர் என் வாயிலிருந்து எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. “அந்தப் பேருல தோட்டத்துல ரெண்டு பேர் இருந்தாக. பெரட்டுல கணக்கப்புள்ள ஒருத்தர ‘மூனா’ போட்டுக் கூப்புடுவாரு, இவுகள ‘ஈனா’ போட்டுக் கூப்புடுவாரு. ஈனா எங்க?”

ஈனா காற்புள்ளியாகிவிட்டது. எங்ஙனம் என்பதை விளக்குகிறேன். ஆசிரியர் தலைப்பெழுத்துகளைப் புள்ளியிடாது வெற்றிடம் மட்டும் விட்டு எழுதியிருந்தார். ‘இ பெருமாள்’ என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே இகரத்தை அடுத்து வெற்றிடம் உண்டு. என் விதி அதைக் காற்புள்ளியாக்கிற்று. முந்திய பெயரின் இறுதியிலும் ஒரு காற்புள்ளி நின்றமையால் காற்புள்ளி இரண்டாயிற்று. அந்த இரட்டைதான் அங்கே ஏதோ நேர்ந்துள்ளது என்பதற்கு எஞ்சியிருந்த ஒரே சாட்சி. இரண்டாம் விதி சாட்சியையும் அழித்தது. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கைதவறினால் ஓரெழுத்துத் தலைகீழாக நிற்கும். வாசிப்பவன் கண்டு சிரிப்பான். மலரின் இறுதியில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பக்கம் ஒட்டுவார்கள். நான் செய்த பிழையோ எங்கும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அது திருத்தத்தின் தோற்றத்திலேயே வந்தது. ஒரே முறையில் ஒரே அச்சாக எல்லாப் பக்கத்திலும் விழுந்தது.

மென்பொருளைக் குறைகூறுதல் நேர்மையன்று. விதியை எழுதியவள் நான். நான் பயிலும் துறையின் அரிச்சுவடியே அதைத் தடுத்திருக்கும். உயிரெழுத்து சொல்லின் முதலில் வருமேயன்றி, அளபெடை ஒழிந்த இடத்து, இடையிலும் ஈற்றிலும் வாராது. எனவே வேறெழுத்தை ஒட்டி நிற்கும் இகரத்தை மாத்திரம் காற்புள்ளியாக்கு, தனித்து நிற்பதைத் தொடாதே என்று எழுதியிருந்தால் போதும். (அவ்விதியையும் சங்க நூல் ஒன்றின்மீது ஏவினால் ‘தழீஇ’ முதலிய சொல்லிசை அளபெடைகள் எல்லாம் காற்புள்ளி பெறும் என்பது வேறு கதை.) ஏட்டுச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். அவற்றோடு மல்லாடி நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையையும் சாமிநாதையரையும் பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஒரு பெயர்ப் பட்டியலின் முன் அது எதுவும் எனக்கு நினைவு வரவில்லை.

அந்த ஓரெழுத்தின் பெறுமதி யாதென அன்றிரவு எண்ணிப்பார்த்தேன். என் தந்தையின் பெயருக்கு முன் தாத்தாவின் முதலெழுத்து நிற்கிறது. என் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கிறது. தாத்தாவின் தந்தைக்கோ ஒரு படமில்லை, கல்லில்லை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. அவர் மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் மகனா பேரனா என்பதையும் சொல்ல எவரும் இலர். அவர் இவ்வுலகில் விட்டுச்சென்றது தாத்தாவின் பெயருக்கு முன்னால் உள்ள இகரம் ஒன்றே. அதைக் கொள்ளுப்பேத்தி ஒருத்தி விடுமுறைக் காலத்தில் ஒரு சொடுக்கால் நீக்கிவிட்டாள்.

எம்மவர்க்கு எழுத்துப்பிழை என்பது இலக்கிய விவகாரம் மாத்திரமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை கேட்டவர்கள் இங்கே வாழ்ந்தமையைப் பத்திரங்களால் நிறுவ வேண்டியிருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கணக்கைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தனை ஆண்டுகளும் எம் மக்கள் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்தனர். ஒரு கடதாசியில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், இரு வேறு மனிதரின் பெயராகக் கொள்ளப்பட்ட கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். எழுதியவர்களின் அசட்டையைச் சினந்து, பாடசாலை நாட்களில் ஒரு கவிதைகூட எழுதியதுண்டு. இப்போது அவ்வரிசையில் என் கையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்புநோக்கினேன். தலைப்பெழுத்து இழந்தவர்கள் ஒன்பது பேர். எண்மரின் எழுத்தை உடனே மீட்டேன். ஒன்பதாவது பெயர் சிக்கலாயிற்று. அவ்விடத்தில் இருந்த இகரம் தலைப்பெழுத்தா, ஆசிரியர் உண்மையிலேயே இருமுறை இட்ட காற்புள்ளியா என்பது மூலக் கோப்பிலும் தெளிவாகவில்லை. பயிற்சிப் புத்தகத்தைத் தேடினோம். அந்தப் பக்கத்தில் தேநீர் கொட்டியிருந்தது. கோப்பில் இதற்கு விடையில்லை என்பது உறுதியானபின், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதியோர் நால்வரை எங்கள் லயத்து வாசலில் கூட்டி 312 பெயர்களையும் முதலிலிருந்து உரக்க வாசித்தேன். இரண்டரை மணி நேரம் சென்றது. பெயருக்குப் பெயர் வாக்குவாதம். பட்டியலில் இல்லாத நான்கு பெயர்கள் புதிதாக வந்தன. ஒருவர் இன்னும் உயிரோடிருக்கிறார், பண்டாரவளையில் மகளோடு இருக்கிறார் என்று தெரிந்து அவர் பெயரை நீக்கினோம். ஒன்பதாவது பெயருக்கு உரியவரின் தந்தை இகரப் பெயரினர் அல்லர் என்று நால்வரும் ஒருமித்துக் கூறினர். அது காற்புள்ளிதான். அந்த ஓரிடத்தில் என் விதி சரியாகவே வேலை செய்திருக்கிறது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியில் சிறிது தூரத்தில் உள்ள அலுவிகாரைக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் சென்றிருக்கிறேன். நூற்றாண்டுகளாகப் பிக்குகள் மனனம் செய்து ஓதிவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பர். பிற்காலத்தில் அங்கிருந்த ஏடுகள் 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கிய வேளையில் அழிந்தன. ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்டுச் சரிபார்த்துத்தானே முதல் ஏட்டை எழுதியிருப்பார்கள் என்ற எண்ணம், வாசலில் குந்தியிருந்த அந்த நான்கு முதியோரைப் பார்த்தபோது எனக்கு வந்தது. சுற்றுலா நாளில் அங்கே நாங்கள் ஐஸ்கிறீம் தின்றது மட்டுமே அதுவரை நினைவில் இருந்தது.

புத்தகம் அடுத்த வாரம் அச்சாயிற்று. தனிக்கறுப்பு, 3 மில்லிமீற்றர் பிளீட், பொதிந்த எழுத்துரு ஆகிய எல்லாவற்றையும் வழக்கம்போலத் தானியங்கிச் சங்கிலியே கவனித்தது. அதை நான் கைவிடவில்லை; கைவிட்டிருந்தால் அந்த விலைக்கு அந்தப் புத்தகம் வந்திராது. காற்புள்ளி விதிகள் இரண்டையும் மாத்திரம் சங்கிலியிலிருந்து கழற்றி வைத்தேன். அவ்விதிகளை ஓட்ட வேண்டியிருந்தால், ஓட்டிய பின் மாறிய இடங்கள் அனைத்தையும் மஞ்சள் நிறத்தில் காட்டும்படி செய்துகொண்டேன். இளைஞர்கள் பணத்தைச் சில்லறையாகக் கொண்டுவந்தனர். முதலாளி எண்ணாமல் மேசை இழுப்பறையில் போட்டார். இயந்திரத்தை இயக்கியவர் தாளைத் தூக்கிப் பார்த்து, “இன்டைக்கி வட்டம் இல்ல” என்றார்.

எங்கள் பிரதி இப்போது மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாயி என்னிடம் தாத்தாவின் பெயர் உள்ள பக்கத்தையும் அதில் அந்த எழுத்தையும் காட்டச் சொன்னார். காட்டினேன். விடுமுறைக்கு வீடு சென்றால் சில மாலைகளில் புத்தகத்தை எடுத்து வரச் சொல்வார். “அந்தச் சுழிச்ச எழுத்து இருக்குற பக்கம்” என்பார். நான் எட்டாம் பக்கத்தை விரித்துக் கொடுத்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவேன்.